பத்தேரியின் பலகைகள்

சுல்தான் பத்தேரியின் பெயரிலேயே பீரங்கித் தளம் ஒன்று இருக்கிறது. திப்புவின் படை இங்குள்ள சமணக் கோயிலை ஆயுதக் கிடங்காக்கியது. ஆங்கிலேயர் வாயில் ஊர் ‘சுல்தான்ஸ் பேட்டரி’ ஆயிற்று. கணபதிவட்டம் என்னும் பழம்பெயர் மங்கியது.

மைசூர், உதகை, கோழிக்கோட்டுச் சாலைகள் கூடும் இவ்வூரில் பேருந்துப் பலகைகளை மலையாளம், கன்னடம், தமிழ் மூன்றிலும் படித்தேன். பணியர் மொழியிலோ காட்டுநாயக்கர் மொழியிலோ ஒன்றும் கண்ணில் படவில்லை.

வனவிலங்குகளுக்காக இரவில் மூடப்படும் மைசூர்ச் சாலையில், பந்திப்பூரையும் முதுமலையையும் தொட்டுக் கிடக்கிறது முத்தங்காக் காடு. அங்கே நிலம் கேட்டுக் குடில் அமைத்த ஆதிவாசிகள்மீது 2003 பிப்ரவரியில் காவல்துறை சுட்டது. இன்று சஃபாரி ஜீப்புகள் புறப்படுகின்றன. காட்டுநாயக்கர் மொழியில் யானைக்கு என்ன பெயர் என்று ஓட்டுநரிடம் கேட்டேன். அது மொழியன்று, வெறும் பேச்சு என்றார். கருத்தரங்குகளிலும் இதைக் கேட்டிருக்கிறேன், சற்று நயமான சொற்களில்.