ஜாமீன் கையெழுத்து

அந்த மாதச் சம்பளத்தில் 6,200 ரூபாய் கூடுதலாகப் பிடித்திருந்தார்கள். தவறு நடந்திருக்கும் என்று நினைத்துக் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்துக்குப் போனேன். எழுத்தர் பேரேட்டைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: “சார் சம்பளமில்லா லீவுல இருக்காருல்ல டீச்சர். அவர் லோனுக்கு நீங்கதானே ஜாமீன்?”

நானும் கணவரும் ஆசிரியர்கள், ஒரே சங்கத்தில் உறுப்பினர்கள். எங்கள் ஓய்வறையில் அதன் பெயர் ‘சொசைட்டி’. மாதாமாதம் சம்பளத்தில் சந்தா பிடிப்பார்கள். அப்படிச் சேரும் பணம்தான் எங்களுக்கே கடனாகத் திரும்பி வரும். நகை வேண்டாம், பத்திரம் வேண்டாம். இரண்டு உறுப்பினர்கள் ஜாமீன் கையெழுத்துப் போட்டால் போதும். ஒருவரை ஒருவர் தெரியும் என்பதுதான் அங்கே அடமானம்.

நான் போட்ட கையெழுத்து எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது. அவர் படிவத்தை நீட்டினார். எவ்வளவு, எதற்கு என்று நான் கேட்கவில்லை. கணவர் நீட்டும் தாளைப் படித்துப் பார்ப்பது சந்தேகப்படுவது ஆகிவிடும் என்று நினைத்த காலம் அது. அந்தப் பணம் நிலம் வாங்கி விற்கும் தொழிலுக்குப் போனது என்பதே பிறகுதான் தெரிந்தது.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவு பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு என்கிறது. 28 தவணை நான் கட்டினேன், 1,73,600 ரூபாய். இடையில் நாங்கள் பிரிந்தோம். தாலியைக் கழற்றிவைத்த பிறகும் பிடித்தம் தொடர்ந்தது.

2019இல் எனக்கே கடன் தேவைப்பட்டது. மகளுக்குக் கல்லூரிக் கட்டணம், எங்கள் இருவருக்கும் ஒரு வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ். எல்லாம் சேர்த்து 4 லட்சம். சொசைட்டியா, சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியா என்று ஒரு தாளில் கோடு கிழித்து எழுதிப் பார்த்தேன். சொசைட்டியில் வட்டி 10 சதவீதம், வங்கியில் பன்னிரண்டரை. நான்கு ஆண்டுத் தவணையில் கிட்டத்தட்ட 23,000 ரூபாய் வித்தியாசம். கணக்கு சொசைட்டி பக்கம்தான் நின்றது.

ஆனால் சொசைட்டியில் இரண்டு ஜாமீன் வேண்டும். இரண்டு பேரிடம் காரணம் சொல்ல வேண்டும். “ஏன், சார் தர மாட்டாரா?” என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். நிர்வாகக் குழுவில் அவருடைய நண்பர்கள் இருந்தார்கள். நான் வீடு பார்ப்பது, அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே அவர் காதுக்குப் போயிருக்கும். எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த இடத்தில் ஆணுக்குக் கிடைப்பது நம்பிக்கை. வீட்டைவிட்டு வெளியேறும் பெண்ணுக்குக் கிடைப்பது விசாரணை.

வங்கியும் ஒன்றும் பெண்களின் தாய்வீடு இல்லை. “சார் வரலையா மேடம்?” என்றுதான் மேலாளர் ஆரம்பித்தார். வரவில்லை என்றேன். அதோடு விட்டுவிட்டார். சம்பளச் சீட்டு, என் கையெழுத்து, வேறெதுவும் தேவைப்படவில்லை. என்னை யாரென்று தெரியாத அந்த மனிதரிடம் எனக்கு ஒரு நிம்மதி கிடைத்தது. அந்த 23,000 ரூபாய் நான் யாருக்கும் விளக்கம் சொல்லாமல் இருந்ததற்குக் கொடுத்த விலை. அப்போது அது எனக்கு மலிவாகவே பட்டது.

சேமிப்பையும் வங்கியிலேயே வைத்துக்கொண்டேன். வங்கி வைப்புத்தொகைக்கு 2020 முதல் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. கூட்டுறவு வங்கிகளுக்கும் அது பொருந்தும். எங்கள் சொசைட்டி போன்ற சங்கங்களுக்கு இல்லை. வங்கி, சங்கம் இரண்டின் பலகையிலும் ‘கூட்டுறவு’ என்று இருக்கலாம். பணம் போடும் முன் இந்த வேறுபாட்டைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இருந்தும் சொசைட்டியிலிருந்து நான் விலகவில்லை. வங்கியில் நான் வாடிக்கையாளர், அங்கே எதையும் மாற்றச் சொல்ல எனக்கு வாக்கு இல்லை. சொசைட்டியில் பங்கு எவ்வளவு இருந்தாலும் ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு. 1974இல் அகமதாபாத்தில் காய்கறி விற்றவர்களும் சுமை தூக்கியவர்களுமாக 4,000 பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு சேவா கூட்டுறவு வங்கியைத் தொடங்கினார்கள். அவர்களில் பலருக்குக் கையெழுத்துப் போடவே தெரியாது. நானோ பட்டம் வாங்கியவள். பதினாறு ஆண்டுகள் உறுப்பினராக இருந்தும் பேரவைக் கூட்டத்துக்கு ஒருமுறைகூடப் போனதில்லை. அவர் போவார், போதாதா என்று இருந்துவிட்டேன்.

அடுத்த கூட்டத்துக்குப் போனேன். “ஜாமீன் போடுபவரிடம் கடன் தொகையையும் தவணையையும் தனியாக எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும்” என்று கேட்டேன். முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். தீர்மானமாகவில்லை, பரிசீலிப்பதாகச் சொன்னார்கள். இரண்டு ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சென்ற மாதம் எங்கள் பள்ளியின் இளைய ஆசிரியை ஒருத்தி, “அக்கா, ஜாமீன் போடுவீங்களா?” என்று படிவத்தோடு வந்தாள். வாங்கி, முழுவதும் படித்தேன்.

“இது உன் கடனா, உன் வீட்டுக்காரர் கடனா?”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். “அவருக்குத்தான்க்கா” என்றாள்.

படிவத்தை அவள் கையிலேயே கொடுத்து, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். “உட்காரு. முதல்ல இதை நீ படி.”