காஸில் கார்னர்

ஜூன் மாதம். ஜிம்பாப்வேயில் இது குளிர்காலம். வெயில் ஏறியும் ஹராரே ஸ்போர்ட்ஸ் கிளப்பில் பலர் கம்பளிச் சட்டையைக் கழற்றவில்லை. ஜகரண்டா மரங்களில் பூவில்லை. ஊதா நிறம் பார்க்க அக்டோபர் வரை பொறுக்க வேண்டும். 1992இல் அப்படியோர் அக்டோபரில்தான் ஜிம்பாப்வே தன் முதல் டெஸ்டை இந்தியாவுடன் இங்கே ஆடியது. டேவ் ஹூட்டன் 121 அடித்தார்.

முக்கோண முகப்பு வைத்த பழைய பெவிலியனில் அமைதி. சத்தமெல்லாம் காஸில் கார்னரில். பீரின் பெயர் தாங்கிய அந்த மூலையில் டாஸுக்கு முன்பே மேளம் தொடங்கிவிட்டது. ஒருவர் ஷோனா மொழியில் ஓரடி எடுத்துக்கொடுக்க, கூட்டம் வாங்கிப் பாடுகிறது. இறைச்சி சுடும் புகை மேலே எழுகிறது. ஒரு பெண் ஆடுகிறாள். முதுகில் துணியால் கட்டியிருக்கும் குழந்தை அயர்ந்து தூங்குகிறது.

ஜிம்பாப்வேயின் முதல் விக்கெட் விழுகிறது. பாட்டு நிற்கவில்லை. இரண்டாவதும் விழுகிறது. தாளம்தான் கூடுகிறது.

இந்தப் புல்தரை கண்டது கொஞ்சமல்ல. 2003 உலகக் கோப்பையில் ஜிம்பாப்வே வீரர்கள் ஆண்டி ஃபிளவரும் ஹென்றி ஒலோங்காவும் தம் நாட்டில் ஜனநாயகம் சாகிறது என்று கையில் கறுப்புப் பட்டை கட்டி இறங்கியது இங்கேதான். அதிபர் மாளிகை பக்கத்திலேயே இருக்கிறது. அதற்குமேல் அவர்கள் ஜிம்பாப்வேயில் வாழ முடியவில்லை. மறு ஆண்டு கிரிக்கெட் வாரியத்தோடு மோதிய மூத்த வீரர்கள் அணியில் இல்லை. மிச்சமிருந்த இளைஞர்களுக்கு எதிராகத்தான் முத்தையா முரளிதரன் தன் 520ஆவது விக்கெட்டை எடுத்து, கோர்ட்னி வால்ஷின் உலக சாதனையைத் தாண்டினார். 2005க்குப் பிறகு ஆறு ஆண்டுகள் ஜிம்பாப்வேக்கு டெஸ்டே இல்லை. 2011 ஆகஸ்டில் திரும்பி வந்து, இதே தரையில் வங்கதேசத்தை 130 ரன்களில் வென்றார்கள். 2018இல் ஐக்கிய அரபு அமீரகத்திடம் 3 ரன்களில் தோற்று உலகக் கோப்பை வாய்ப்பைத் தொலைத்ததும் இங்கேதான்.

அத்தனைக்கும் பிறகு இந்த மேளம். ஜெயித்த அணிக்கு யாரும் பாடுவார்கள். இவர்கள் கிடைத்த அணிக்குப் பாடுகிறார்கள். எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

நான்காவது விக்கெட்டும் போயிற்று. புதிதாக வரும் பையன் ஹெல்மெட்டைச் சரிசெய்தபடி நடக்கிறான். கிரீஸை எட்டுவதற்குள் அவன் பெயர் பாட்டில் ஏறிவிட்டது. முதல் பந்தைத் தடுத்ததற்கே மூலை முழுவதும் எழுந்து குதிக்கிறது. எல்லைக்கோட்டருகே நிற்கும் எதிரணி வீரர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மெல்லத் தாளத்துக்கு அசைகிறார். அதைப் பார்த்துவிட்டார்கள். அவருக்கும் ஒரு பாட்டு எடுக்கிறார்கள்.