லட்சுமிக்கு லேப் டெஸ்ட்

எங்க லட்சுமியோட பாலை டெஸ்டுக்குக் குடுத்திருக்கோம்.
(லட்சுமின்னா பசுங்க.)

மடி வீங்கல. பாலும் திரியல. கறவை மட்டும் குறைஞ்சுது.
டாக்டர் நாலு குழி வெச்ச தட்டுல, காம்புக்கு ஒரு குழியா பாலைப் பீச்சி, ஏதோ மருந்து ஊத்திச் சுத்தினார்.
மூணு குழி தண்ணியா ஓடுது. நாலாவது கொழகொழன்னு கஞ்சி!
வெளிய தெரியாத மடிநோயாம்.

இனி ஆய்வகத்துல அந்தக் கிருமியை வளர்த்து, எந்த ஆன்டிபயாட்டிக் கேக்கும்னு பார்ப்பாங்க.
காம்பை ஸ்பிரிட்ல தொடைச்சு, முதல் பீச்சலைக் கீழ விட்டுட்டுத்தான் பாட்டில்ல பிடிக்கணும். ஐஸ் வெச்சுக் கொண்டுபோகணும்.
இல்லேன்னா நம்ம கைக் கிருமிதான் அங்க வளரும்.

அம்மா பாட்டிலை மடியில வெச்சே பஸ்ல போனாங்க.
எனக்கு எழுதிக் குடுத்த சுகர் டெஸ்ட் சீட்டு இன்னும் பர்ஸ்லயே தூங்குது.

ரிசல்ட் வர்ற வரைக்கும் அந்தக் காம்புப் பாலை நீங்கள்லாம் என்ன பண்ணுவீங்க?