ஸ்போர்ட்ஸ் காருக்கு வழிகாட்டி தேவையா?

ஸ்போர்ட்ஸ் காரை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். அபிப்பிராயம் சொல்ல அது போதாதா!

செயற்கைக்கோள் வழிகாட்டியைக் காரிலேயே பொருத்தி முதலில் விற்றது ஜப்பானின் மாஸ்டா. கார், 1990-ல் வந்த யூனோஸ் காஸ்மோ. அதில் கிடைத்த மூன்று ரோட்டர் எஞ்சினை ரசிகர்கள் இன்றும் கொண்டாடுகிறார்கள். அந்தக் கால வரைபடமோ செல்லாக்காசு! அதற்கப்புறம் போட்ட ரோடு எதுவும் அதுக்குத் தெரியாது. செல்போன் வரைபடம் அப்படியில்லை, தானே புதுசாகிக்கொள்கிறது.

அப்போ பொருத்தினது வீண்தானா? எங்க அப்பா லாரி டிரைவர். எங்க வீட்டில் பத்தாவது தாண்டினதே நான்தான். "ராத்திரி பனியில போர்டு தெரியாட்டி என்னப்பா பண்ணுவீங்க?" என்று கேட்டேன். "கடைசியா பார்த்த ஊர்லேருந்து மீட்டர்ல எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்குன்னு பார்ப்பேன். இடம் தெரிஞ்சிடும்" என்றார்.

அசந்துட்டேன்! சுரங்கப்பாதையில் சிக்னல் அறுந்ததும் காரில் பொருத்திய கருவி செய்வதும் அதுதான். சக்கரம் சுற்றியதை எண்ணும். எந்தப் பக்கம் திரும்பியது என்பதைக் கைரோ சொல்லும். டேஷ்போர்டில் சும்மா ஒட்டி வைத்த போனுக்கும் சக்கரத்துக்கும் என்ன சம்பந்தம்?

ஆகவே என் கட்சி இது: சென்சார் காரில் இருக்கட்டும், வரைபடம் போனிலிருந்து வரட்டும். திரை மட்டும் கண்ணுக்கு நேரே வேணும். 100 கி.மீ. வேகத்தில் 2 விநாடி குனிந்து பார்த்தால், கார் 55 மீட்டர் போயிருக்கும்!