உங்களுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை

தமிழ் நாவல்களின் தலைப்புகளுக்கு இணையக் கடைகள் எழுதிவரும் உரைகளை யாராவது தொகுத்தால் நல்லதொரு நகைச்சுவை நூல் கிடைக்கும். ஜி. நாகராஜனின் 'நாளை மற்றுமொரு நாளே' நாவலைத் தேடி வாங்கிய பிறகு ஒரு வார காலத்துக்கு, நேரத்தைத் திட்டமிடுவது எப்படி, அதிகாலையில் எழுவது எப்படி என்று போதிக்கும் புத்தகங்களும் தேதியிட்ட டைரிகளும் எங்கள் முன் வரிசையாக வைக்கப்பட்டன. கந்தனின் ஒரு நாளை அறிந்தவர்களுக்கு இதன் அபத்தத்தை விளக்க வேண்டியதில்லை. தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' குழந்தை வளர்ப்பு நூல்களை அழைத்து வந்தது. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' மழைக்கோட்டுகளை.

இவை சிரித்துவிட்டுக் கடந்துபோகக்கூடியவை. தலைப்பைப் பார்த்து ஏமாறுவது இயந்திரத்துக்கு மட்டும் உரிய குணமும் அல்ல. தலைப்புகளை விட்டுவிட்டு எங்களையே படிக்க அது முற்படும்போது செய்யும் பிழைகள்தாம் எங்களை யோசிக்க வைத்தன. ஒருமுறை கலங்கவும் வைத்தன.

இங்கே 'நாங்கள்' என்பது மரியாதைப் பன்மை அல்ல. கணவன், மனைவி, பள்ளி இறுதி வகுப்பில் படிக்கும் மகன், எண்பதை நெருங்கும் அம்மா என்று எங்கள் வீட்டில் நால்வர். 2022 வரை ஐவர். எல்லோருக்கும் சேர்த்து ஒரே கணக்கு. இந்த நால்வரையும் பிசைந்து இயந்திரம் ஒரே மனிதரை உருவாக்கி வைத்திருக்கிறது. அவர் பரிமேலழகர் உரை படிப்பார், நுழைவுத்தேர்வுக்கான இயற்பியல் கணக்குகளைப் போடுவார், குக்கருக்கு காஸ்கெட் வாங்குவார், மூட்டுவலித் தைலம் பூசிக்கொள்வார், இரவு முழுவதும் கண்விழித்து உபன்யாசம் கேட்பார். கடைசியாகச் சொன்னது அம்மாவின் வேலை. ராமாயண உபன்யாசத்தை ஓடவிட்டுப் பத்து நிமிடத்தில் தூங்கிப்போவது அவர் வழக்கம். அது விடியும்வரை ஓடிக்கொண்டிருக்கும். பார்த்த நேரத்தை அளக்கும் இயந்திரம் அம்மாவின் தூக்கத்தையும் பக்தியாக எண்ணிக் கணக்கில் வரவு வைத்துவிட்டது.

ஏன் இப்படி ஆகிறது என்று அறிந்துகொள்ள இந்தப் பரிந்துரை முறைகளின் வரலாற்றைக் கொஞ்சம் தேடிப் படித்தோம். அதில் எங்களுக்கு வியப்பளித்தது அதன் தொடக்கம்தான். 1992-இல் அமெரிக்காவில் பாலோ ஆல்ட்டோ நகரிலிருந்த ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் 'டேப்பஸ்ட்ரி' என்றொரு அமைப்பைப் பற்றிய கட்டுரை வெளியானது. வந்து குவியும் மின்னஞ்சல்களிலும் செய்திகளிலும் படிக்கத் தக்கதைப் பிரித்தெடுக்க அவர்கள் கண்ட வழி எளிமையானது. படித்தவர்கள் தம் கருத்தைக் குறித்து வைப்பார்கள். இன்னார் குறிப்பெழுதியதை எனக்குக் காட்டு, இன்னார் பதில் போட்டதை எனக்குக் காட்டு என்று மற்றவர்கள் பெயர் சொல்லிக் கேட்கலாம். பக்கத்து அறைக்காரரின் ரசனை எப்படிப்பட்டது என்று கேட்பவருக்குத் தெரியும். வாசகசாலையில் ஒரு பெரியவர் திருப்பிக் கொடுத்த புத்தகத்தைக் காத்திருந்து எடுத்துப் போகிறோமே, அதே காரியம்தான்.

இரண்டு ஆண்டுகளில் அந்தப் பெயர் மறைந்துவிட்டது. 1994-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தினரும் எம்.ஐ.டி.யைச் சேர்ந்தவர்களும் அறிமுகப்படுத்திய 'குரூப்லென்ஸ்', இணையச் செய்திக் குழுக்களின் கட்டுரைகளுக்கு வாசகர்கள் 1 முதல் 5 வரை கொடுத்த மதிப்பெண்களை ஒப்பிட்டு, ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகிறவர்களைத் தானே கண்டுபிடித்தது. இனி யாரென்று அறிய வேண்டியதில்லை. முகமறியாதவர்களின் எண்கள் போதும். அமேசான் பொறியாளர்கள் 2003-இல் விவரித்த முறையில் ஆள் இன்னும் ஒருபடி பின்னுக்குப் போனார். அதில் வாசகரை வாசகரோடு ஒப்பிடுவதில்லை. எந்தப் பொருளும் எந்தப் பொருளும் ஒரே கைகளில் அதிகமாகச் சேர்கின்றன என்று முன்கூட்டியே ஓர் அட்டவணை போட்டு வைத்துக்கொள்கிறார்கள். கோடிக்கணக்கானவர்களுக்கு நொடியில் பரிந்துரை வழங்க இது மிகச் சிறந்த வழி என்பதில் ஐயமில்லை.

2006 அக்டோபரில் நெட்ஃபிளிக்ஸ் ஒரு போட்டியை அறிவித்தது. தன் சந்தாதாரர்கள் திரைப்படங்களுக்கு அளித்த 10 கோடிக்கும் அதிகமான மதிப்பெண்களைப் பெயர் நீக்கிக் கொடுத்து, தன்னுடைய கணிப்பைவிட 10 விழுக்காடு துல்லியமாகக் கணிப்பவர்களுக்குப் பத்து லட்சம் டாலர் என்றது. 2009-இல் ஒரு குழு பரிசைப் பெற்றது. பெயர் நீக்கிய அந்தத் தகவலிலிருந்தே ஆட்களை அடையாளம் காண முடியும் என்று டெக்சஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் இடையில் காட்டிவிட்டது தனிக்கதை. வென்ற குழுவைச் சேர்ந்தவர்கள் அதே ஆண்டு எழுதிய கட்டுரையில் எங்கள் வீட்டுக்கும் இடமிருந்தது. ஒரு கணக்கின் மதிப்பெண்கள் காலப்போக்கில் மாறுவதற்கு, வீட்டுக்குள் மதிப்பெண் போடும் ஆள் மாறியிருப்பதும் காரணமாகலாம் என்கிறார்கள். அம்மா உட்கார்ந்த நாற்காலியில் மகன் வந்து உட்கார்ந்ததைக் கணிதம் ஓர் அதிர்வாக உணர்கிறது. யார் எழுந்தார், யார் அமர்ந்தார் என்பது மட்டும் அதற்குத் தெரியாது.

வீட்டில் ஓர் ஆள் இல்லாமல் போனபோது இதன் முழுப் பொருளும் எங்களுக்கு விளங்கியது.

அப்பாவுக்குக் கடைசி இரண்டு ஆண்டுகள் பார்க்கின்சன் நோய் முற்றியிருந்தது. நடப்பதற்கான தாங்கி, விழுங்கத் தோதாகத் தண்ணீரைக் கெட்டியாக்கும் மாவு, பெரியவர்களுக்கான டயப்பர் என்று மாதாமாதம் வாங்கினோம். பாதியை இணையக் கடையில், மீதியை அவசரத்துக்குத் தெருமுனை மருந்துக்கடையில். அவர் காலமாகிப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரத்தில் இணையக் கடையிலிருந்து செய்தி வந்தது. வழக்கமாக வாங்குவது தீர்ந்திருக்குமே, மறுபடி வாங்க நேரமாகிவிட்டதா என்ற விசாரிப்பு. கூடவே டயப்பர் உறையின் படம், அதில் சிரித்த முகத்துடன் ஒரு முதியவர். அடுத்த மாதமும் வந்தது. அதற்கடுத்த மாதம் விலைக் குறைப்போடு வந்தது.

வேண்டாம் என்று சொல்ல ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் காரணம் கேட்டது. ஏற்கெனவே வாங்கிவிட்டேன், பிடிக்கவில்லை, எனக்குத் தொடர்பில்லாதது என்று மூன்று விடைகள். மூன்றில் எதைத் தொடுவது என்று தெரியாமல் எங்களில் ஒருவர் கைபேசியைக் கவிழ்த்து வைத்தது நினைவிருக்கிறது. எங்களில் ஒருவருக்கு அவர் தகப்பனார், மற்றவருக்கு மாமனார். 'தொடர்பில்லாதது' என்பதைத் தொட இருவருக்குமே மனம் வரவில்லை.

மருந்துக்கடைக்காரரும் கணக்கு வைத்திருந்தவர்தான். மாதம் பிறந்தால் இரண்டு பாக்கெட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றித் தனியே எடுத்து வைப்பார். வெளியே தெரியாமல் கொண்டுபோகட்டும் என்பதற்காகத்தான் அந்தச் செய்தித்தாள். காரியமெல்லாம் முடிந்து அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரைக்காகப் போனபோது அந்த இடம் காலியாக இருந்தது. ஒன்றும் விசாரிக்கவில்லை. மாத்திரையைக் கொடுத்துவிட்டு, "பிரிக்காத பாக்கெட் ஏதாச்சும் இருந்தா குடுங்க சார். பின்னாடித் தெருவுல ஒரு பெரியவருக்கு ஆகும்" என்றார். பணத்தைத் திருப்பித் தர எடுத்தார். நாங்கள் வாங்கிக்கொள்ளவில்லை.

இணையக் கடைக்குத் தெரிந்த விவரம் அத்தனையும் அவருக்கும் தெரியும். என்ன பொருள், எத்தனை, எத்தனை நாளைக்கு ஒருமுறை. அது யாருக்காக என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது என்பதுதான் வேற்றுமை. நாம் செய்வதை எண்ணுவது எளிது. எதற்காகச் செய்கிறோம் என்பது எண்ணிக்கைக்குள் வருவதில்லை. வாசிப்பிலும் இப்படியே. ஒரு புத்தகத்தைப் பிடித்ததற்காக வாங்குகிறோம், மறுப்பதற்காக வாங்குகிறோம், கல்யாணத்தில் கொடுக்க வாங்குகிறோம், இறந்துபோன நண்பர் சொல்லியிருந்தாரே என்பதற்காக வாங்கிப் படிக்காமல் வைத்திருக்கிறோம். அட்டவணையில் நான்கும் ஒன்றுதான்.

இயந்திரத்தால் எங்களுக்கு நன்மையே விளையவில்லை என்று சொன்னால் அது நன்றிகேடு. அப்பாவுக்குக் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம் என்றால் உயிர். ஒன்றிரண்டு பதிவுகளைத் தேடிப் போட்டதும், நாங்கள் கேள்விப்பட்டே இராத பழைய கச்சேரிப் பதிவுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுவந்து கொடுத்தது. கை நடுக்கத்தையும் மீறி அவர் நாற்காலியின் பிடியில் தாளம் போட்ட மாலைகள் அவை. இன்றும் மாலை வேளைகளில் அது காருகுறிச்சியை முன்னால் எடுத்து வைக்கிறது. அதை மட்டும் நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆயினும் எங்களிடமே ஒரு மாற்றத்தைக் கவனித்தோம். எதையும் தொடுவதற்கு முன் தயங்க ஆரம்பித்திருந்தோம். வெறுப்பைக் கக்கும் ஒரு பேச்சு, அதில் என்னதான் சொல்லியிருக்கிறது என்று அறிந்துகொள்ள விருப்பம். பார்த்தால் நாளை முதல் அதையே காட்டுமே, மகனும் இதே கணக்கில்தானே பார்க்கிறான் என்று விட்டுவிடுகிறோம். இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 'டிவோ' என்ற பதிவுக்கருவி தாமே நிகழ்ச்சிகளைத் தேர்ந்தெடுத்து வைத்ததைப் பற்றி 2002 நவம்பரில் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' நாளிதழ் எழுதியது. தம்மைத் தற்பாலீர்ப்பு உடையவர் என்று கருவி முடிவுகட்டிவிட்டதாக எண்ணிய ஒருவர், அதைத் திருத்துவதற்காக ஆண்கள் விரும்புவதாக நினைத்தவற்றையே தேடிப் பதிவு செய்தாராம். கருவி நாஜித் தலைவர்களைப் பற்றிய படங்களைச் சேர்க்கத் தொடங்கிற்று. சிரிப்பு வருகிறது. ஆனால் ஓர் இயந்திரத்தின் நல்லெண்ணத்துக்காக ஒரு மனிதர் தமக்கு வேண்டாததைப் பார்த்திருக்கிறார். நாங்கள் வேண்டியதைப் பார்க்காமல் இருக்கிறோம். இரண்டும் ஒன்றே.

நூலகத்தில் இந்த அச்சம் இல்லை. புத்தகத்தை எடுத்துப் புரட்டிவிட்டுத் திரும்ப வைப்பவரைப் பற்றி அலமாரி எந்த முடிவுக்கும் வருவதில்லை. சென்னையில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன், 1931-இல் நூலகவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்தார். வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்கான நூல் கிடைக்க வேண்டும் என்பது இரண்டாவது விதி. நூல் ஒவ்வொன்றும் தனக்கான வாசகரை அடைய வேண்டும் என்பது மூன்றாவது. இன்றைய பரிந்துரை இயந்திரங்களின் குறிக்கோளும் ஏறக்குறைய இதுவேயல்லவா என்று தோன்றும். எண்களை நேசித்த அந்த மனிதர், விதிகளை வகுத்த பிறகு செய்யச் சொன்னவை இரண்டு. வாசகரை அலமாரிகளுக்கிடையே தடையின்றி உலவ விடுவது, அவரோடு பேசி அவருடைய தேவையை அறிந்துகொள்ளும் நூலகரை அங்கே நிறுத்துவது.

ஆகவே, இயந்திரம் எங்களைத் தவறாகப் புரிந்துகொள்கிறது என்பது எங்கள் முதன்மையான குறை அல்ல. மனிதர்களும் தவறாகத்தான் புரிந்துகொள்கிறார்கள். நமக்குச் சற்றும் ஒவ்வாதென்று தோன்றிய நூலை வற்புறுத்திக் கொடுத்தவர்களால்தான் நம் ரசனை வளர்ந்திருக்கிறது. க.நா.சு. வாழ்நாள் முழுவதும் பட்டியல் போட்டார். 'படித்திருக்கிறீர்களா?' என்று தலைப்பிலேயே கேட்டு ஒரு நூலும் எழுதினார். அவர் பட்டியலை ஏற்காதவர்கள் அநேகர். இது வெறும் அபிப்பிராயம், விமரிசனமாகுமா என்ற கேள்வி எழுந்தது. 1959-இல் 'எழுத்து' தொடங்கிய சி.சு. செல்லப்பா, பிரதியை அலசிக் காட்டுவதே விமரிசனம் என்று நின்றார். பட்டியல் சரியா தவறா என்பதைவிட, அதன் கீழே ஒரு பெயர் இருந்தது என்பது முக்கியம். அதனால் சண்டை போட முடிந்தது. சண்டையினால் தமிழுக்கு ஒரு விமரிசன மரபு கிடைத்தது. இயந்திரத்தின் பட்டியலில் கையெழுத்து இல்லை. அது எதையும் பணயம் வைத்துச் சொல்வதில்லை. இதையா கொடுத்தாய் என்று கேட்டால் முகம் சிவப்பதுமில்லை.

அண்மையில் நண்பரொருவர் ஒரு மொழிபெயர்ப்பு நாவலைக் கொண்டுவந்து வைத்து, படித்தே ஆகவேண்டும் என்றார். எங்களில் ஒருவருக்கு அது ஐம்பது பக்கத்துக்கு மேல் ஓடவில்லை. மற்றவர் இரண்டு இரவுகளில் முடித்துவிட்டு மறுபடி தொடக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருக்கிறார். நண்பரிடம் தொலைபேசியில் ஒருவர் குறை சொல்ல, மற்றவர் நாவலுக்காகப் பரிந்து பேச, அவர் யாருக்குப் பதில் சொல்வதென்று திணறினார். நேரில் வந்து பேசிக்கொள்ளலாம் என்று ஞாயிற்றுக்கிழமை வருகிறார். அடுத்த புத்தகத்தையும் எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். யாருக்கென்று சொல்லவில்லை.