எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுங்கள்

எங்கள் வீட்டுப் பரணில் தாத்தா கட்டி வைத்த ‘பொன்னியின் செல்வன்’ இருக்கிறது. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’யில் தொடராக வந்தபோது, வாரா வாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, காலிகோ அட்டை போட்டது. அம்மா எழுத்துக் கூட்டிப் படித்த முதல் கதை அதுதான்.

அந்த அம்மாவே படிப்பதை விட்டுவிட்டாள். கண்புரை அறுவை முடிந்தும் விழித்திரை சரியாகவில்லை. “எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்குடா” என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றி வைத்தவள்தான். ஆறு வருஷம் போயிற்று.

போன ஆடியில் ஒரு டேப்லெட் வாங்கினேன். முதலில் புத்தகத்தைப் படம்பிடித்து வைத்த பிடிஎஃப் ஒன்றைத் திறந்து கொடுத்தேன். பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடியது. இடமும் வலமும் இழுத்து இழுத்து இரண்டே பக்கத்தில் அலுத்துப்போனாள். பிறகுதான் மதுரைத் திட்டம் என்ற இணைய நூல் தொகுப்பின் பிரதியைத் தேடி எடுத்தேன். அது தட்டச்சு செய்த எழுத்து. எவ்வளவு பெரிதாக்கினாலும் சொற்கள் தாமாக அடுத்த வரிக்கு மடிந்துகொள்ளும். வரிக்கு மூன்று சொல், நான்கு சொல். அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வரும் இடத்தை வாய்விட்டுப் படித்தாள். அடுப்படியில் நின்று கேட்டேன். அழுகை வந்தது.

கதையை எழுதிய கல்கியின் எழுத்துகளைத் தமிழக அரசு 1999இல் நாட்டுடைமை ஆக்கியதால் அவற்றை யாரும் வெளியிடலாம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாடுகளில் இருக்கும் தமிழர்கள் கூலி வாங்காமல் நூல்களைத் தட்டச்சு செய்து, பிழை பார்த்து ஏற்றி வருகிறார்கள். முன்பின் தெரியாத அந்தக் கைகள்தான் என் அம்மாவுக்குக் கதையைத் திருப்பிக் கொடுத்தன. திரை வந்து வாசிப்பைக் கெடுத்துவிட்டது என்று யாராவது சொன்னால் என்னால் இனி தலையாட்ட முடியாது.

ஒரு குறை உண்டு. தொடருக்கு மணியம் வரைந்த ஓவியங்கள் அந்தப் பிரதியில் இல்லை. அதனால் தாத்தாவின் தொகுப்பும் பரணிலிருந்து இறங்கிவிட்டது. டேப்லெட்டில் அத்தியாயம் முடிந்ததும் மடியில் கிடக்கும் பழுப்புத் தாளைப் புரட்டி, குந்தவையின் முகத்தைக் கண்ணுக்கருகே கொண்டுபோய்ப் பார்த்துக்கொள்கிறாள்.

உங்கள் வீட்டிலும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்ட ஒருவர் இருக்கலாம். இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்குப் பிடித்த கதை எது என்று கேளுங்கள். எழுத்தைப் பெரிதாக்கிக் கையில் கொடுங்கள்.