விட்டுப்போன நடுப்பெயர்

1980களில் இந்தியக் கல்லூரிகளில் பி.எஸ்சி. கணிதம் படித்த பலரிடம் இரண்டு வகைப் புத்தகங்கள் இருந்தன. ஒன்று, பல்கலைக்கழகம் பரிந்துரைத்தது. மற்றது, மாஸ்கோவின் மிர் பதிப்பகம் அச்சிட்டு, சென்னையில் நியூ செஞ்சுரி புக் ஹவுஸும் தில்லியில் பீப்பிள்ஸ் பப்ளிஷிங் ஹவுஸும் மலிவாக விற்றது. முதல் புத்தகத்தில் 'கோஷி-ஷ்வார்ஸ் அசமன்பாடு' என்றிருந்த அதே விஷயம், ரஷ்யப் புத்தகத்தில் 'கோஷி-புன்யகோவ்ஸ்கி அசமன்பாடு'. தேர்வில் எந்தப் பெயரை எழுதுவது? பெரும்பாலோர் பல்கலைக்கழகத்தின் பக்கமே நின்றார்கள். மதிப்பெண் அங்கேதான் இருந்தது.

யார் இந்த புன்யகோவ்ஸ்கி என்று கேட்டவர்கள் குறைவு. கேட்டிருந்தால் நுண்கணிதத்தின் மிக உபயோகமான ஒரு நிரூபணத்தின் கதை கிடைத்திருக்கும்.

விஷயம் சிக்கலானதல்ல. ஒரு ரயில் நிலையத்திலிருந்து புறப்பட்டு, ஒரு மணி நேரத்தில் சீராக வேகம் கூடி 60 கிலோமீட்டர் வேகத்தை எட்டுகிறது. சராசரி வேகம் 30. அதன் வர்க்கம் 900. இப்போது வேறு விதமாகக் கணக்கிடலாம். ஒவ்வொரு கணத்திலும் வேகத்தை முதலில் வர்க்கப்படுத்தி, அந்த வர்க்கங்களுக்குச் சராசரி கண்டால் கிடைப்பது 1,200. ரயில் எப்படி ஓடினாலும் முதல் எண் இரண்டாவதை மிஞ்சாது. இரண்டும் சமமாக ஒரே வழிதான் உண்டு: வேகம் கடைசிவரை மாறாமலே இருக்க வேண்டும்.

இதன் பொது வடிவம்தான் அந்த அசமன்பாடு. இரண்டு தொடர்ச்சியான சார்புகளைப் பெருக்கி, ஓர் இடைவெளியில் தொகையிட்டு, விடையை வர்க்கப்படுத்த வேண்டும். பிறகு இரண்டையும் தனித்தனியே வர்க்கப்படுத்தித் தொகையிட்டு, அந்த இரு விடைகளையும் பெருக்க வேண்டும். முன்னது பின்னதைத் தாண்டாது. ரயில் கணக்கில் ஒரு சார்பு வேகம். மற்றது வெறும் 1.

முதலில் வந்தவர் பிரெஞ்சுக் கணித மேதை கோஷி. 1821இல் வெளியான தனது பாடநூலில் இதை எண்களின் கூட்டலுக்கு நிரூபித்தார். தொகையீடுகளைப் பற்றி அங்கே பேசவில்லை. அதைச் செய்தவர் விக்தர் புன்யகோவ்ஸ்கி. 1804இல், இன்று உக்ரைனில் இருக்கும் பார் என்ற சிற்றூரில் பிறந்தவர். பாரிஸில் படித்து 1825இல் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு பீட்டர்ஸ்பர்க்கில் ஆசிரியர். 1864 முதல் அங்குள்ள அறிவியல் கழகத்தின் துணைத் தலைவர். 1859இல் அந்தக் கழகத்தின் வெளியீட்டில் தொகையீடுகளுக்கான அசமன்பாட்டை அச்சிட்டார். வழி எளியது: இடைவெளியைச் சிறு துண்டுகளாக வெட்டி, கூட்டலுக்கு கோஷி சொன்னதைப் பொருத்தி, துண்டுகளின் எண்ணிக்கையை எல்லையில்லாமல் பெருக்கினார்.

இருபத்தாறு ஆண்டுகள் கழித்து, 1885இல், ஜெர்மனியின் ஹெர்மன் ஷ்வார்ஸுக்கு இதே போன்ற ஒரு முடிவு தேவைப்பட்டது. சோப்புப் படலம் போன்ற மிகக் குறைந்த பரப்புள்ள மேற்பரப்புகளை அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். சிக்கல் என்னவென்றால், துண்டு போடும் வழியில் ஓர் ஓட்டை இருக்கிறது. 1/2, 1/3, 1/4 என்று போகும் எண்கள் ஒவ்வொன்றும் பூச்சியத்தைவிடப் பெரியவை. ஆனால் அவை நெருங்கும் எல்லை பூச்சியமேதான். அதுபோல, துண்டுகளில் 'குறைவு' என்றிருப்பது எல்லைக்குப் போகும்போது 'குறைவு அல்லது சமம்' என்று தளர்ந்துவிடும். எப்போது சமம், எப்போது கண்டிப்பாகக் குறைவு என்பது தெரியாமல் ஷ்வார்ஸுக்கு வேலை நடக்காது.

அவர் பிடித்த வழி பள்ளிக்கூட இயற்கணிதம். ஒரு சார்புடன் மற்றதன் ஏதோ ஒரு மடங்கைக் கூட்டி வர்க்கப்படுத்தினால், எந்த இடத்திலும் அது பூச்சியத்துக்குக் கீழே போகாது. எனவே அதன் தொகையீடும் போகாது. விரித்தால் அந்தத் தொகையீடு மடங்கைப் பொறுத்த ஓர் இருபடிக் கோவை. தரைக்குக் கீழே இறங்காத இருபடிக் கோவையின் தன்மைக்காட்டி பூச்சியத்தைவிடப் பெரிதாக இருக்க முடியாது. அதை எழுதிப் பார்த்தால், எதிரே நிற்பது அசமன்பாடு. மூன்று வரி. துண்டும் இல்லை, எல்லையும் இல்லை.

சமம் எப்போது? தொடர்ச்சி என்ற சொல்லுக்கு இங்கேதான் வேலை. சமம் என்றால், ஏதோ ஒரு மடங்குக்கு அந்த வர்க்கத்தின் தொகையீடு பூச்சியம். தொடர்ச்சியான சார்பு ஒரு புள்ளியில் பூச்சியத்துக்கு மேலே இருந்தால், அக்கம்பக்கத்திலும் கொஞ்ச தூரம் மேலேதான் இருந்தாக வேண்டும். அங்கே பரப்பளவு உண்டாகிவிடும். அப்படியானால் அந்த வர்க்கம் எங்கும் பூச்சியமே. ஆக, ஒரு சார்பு மற்றதன் மடங்காக இருக்கும்போது மட்டுமே சமம். வேறு எந்த நிலையிலும் கண்டிப்பாகக் குறைவு.

ஆகவே ஷ்வார்ஸ் திருடினார் என்று சொல்ல முடியாது. அவர் சேர்த்தது கணிசம். ஆனால் உலகம் புன்யகோவ்ஸ்கியை நடுவிலிருந்து எடுத்துவிட்டதே, அது நியாயமா? மொழியைக் குறை சொல்லவும் வழியில்லை. 1859இன் அந்தக் கட்டுரை ரஷ்ய மொழியில் அல்ல, ஐரோப்பியக் கணித உலகம் நன்கு அறிந்த பிரெஞ்சில் இருந்தது. ஷ்வார்ஸின் கட்டுரை வந்தபோது புன்யகோவ்ஸ்கி உயிரோடுதான் இருந்தார். 1889இல்தான் இறந்தார்.

இன்று அந்த அசமன்பாடு இல்லாத இடம் குறைவு. ஒட்டுறவுக் கெழு 1ஐத் தாண்டாது என்று புள்ளியியல் மாணவர் படிப்பது இதனால்தான். 1927இல் ஹைசன்பர்க் முன்வைத்த நிச்சயமின்மைக் கோட்பாட்டைப் பாடநூல்கள் நிரூபிப்பதும் இதை வைத்துத்தான். பெயர் சுருங்கியதால் சூத்திரத்துக்கு ஒரு குறையும் இல்லை. குறை ஒரு மனிதருக்கு.

சோவியத் யூனியன் 1991இல் கலைந்தது. அந்த மலிவுப் புத்தகங்கள் இப்போது பழைய புத்தகக் கடைகளில் தென்பட்டால் உண்டு. கோஷி, புன்யகோவ்ஸ்கி, ஷ்வார்ஸ் என்று மூன்று பெயரையும் சேர்த்தே எழுதும் நூல்களும் இருக்கின்றன. தேர்வுத்தாளில் அதற்கு இரண்டு விநாடி கூடுதலாகும். மதிப்பெண் குறையாது.